மேலூரிலிருந்து ஒரு ‘ஓவர்’

அன்புள்ள ஐயா,

மேலூரில் என் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். போன வாரம் ஒரு பெண் ‘ஓவர்’னா என்ன அர்த்தம் மிஸ் என்று கேட்டாள். ‘மேலே’ என்றேன். உடனே ஒரு பையன், ‘அப்ப மேட்ச் ஓவர்னா மேட்ச் மேலயா?’ என்றான். வகுப்பே சிரித்துவிட்டது. கைடைப் புரட்டினால் ஓவருக்கு இணைச்சொற்களாக அபோவ், அக்ராஸ், மோர் தேன், டியூரிங், அபௌட், ஃபினிஷ்ட் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. அதை அப்படியே எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எந்த இடத்தில் எது வரும் என்பது எனக்கே பிடிபடவில்லை. சுருக்கமாக ஒரு விதி உண்டா? தமிழில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று தெளிவாக இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி? எந்த டிக்‌ஷனரி வாங்கலாம், ஆங்கில இலக்கணத்தை மூன்றாம் வகுப்பிலேயே தொடங்கலாமா என்றும் சொல்லுங்கள்.

ம., மேலூர்

அன்புள்ள ம.,

வருகிற கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத முடிவதில்லை. உங்களுடையதைத் தனியே எடுத்து வைத்ததற்குக் காரணம் உண்டு. போன மாதம் எனக்குக் காய்ச்சல். எதிர்வீட்டு அக்கா ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, ‘மேலுக்கு எப்படித் தம்பி இருக்கு?’ என்று கேட்டார். அந்த ‘மேல்’ அன்றிலிருந்து மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது.

தமிழில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளா? மேலூரில் உட்கார்ந்துகொண்டா இதை எழுதினீர்கள்?

உங்கள் வீட்டில் ஒரு நாள் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ‘பரண் மேல இருக்கு’, ‘பத்து மணிக்கு மேல வா’, ‘நூறு ரூபாய்க்கு மேல தர மாட்டேன்’, ‘என் மேல என்ன கோபம்’, ‘அவன் மேல கேஸ் போட்டிருக்காங்க’, ‘மேல படிக்க வைக்கணும்’, ‘மேலுக்கு முடியலை’. பரணில் உயரம். பத்து மணியில் ‘அப்புறம்’. ரூபாயில் ‘அதிகம்’. கோபத்திலும் கேஸிலும் மேல் என்பது அந்த ஆளையே குறிவைக்கிறது. கடைசியில் அது உடம்பாகவே ஆகிவிட்டது. ‘மேல் கழுவிட்டு வா’ என்று பிள்ளையை விரட்டும் எந்தத் தாயும் உயரத்தைப் பற்றிப் பேசவில்லை. மதுரையில் மேல மாசி வீதி என்றால் மேற்கே இருக்கிற வீதி. நம் ஊருக்கு மேற்கேதான் மலை, அதுதான் மேடான பக்கம். வைகை வருவதும் அங்கிருந்துதான். இவ்வளவையும் மூச்சு விடுவதுபோலச் சொல்லிக்கொண்டே தமிழ் தெளிவு, ஆங்கிலம் குழப்பம் என்று எழுதுகிறீர்கள். தெளிவு உங்கள் பழக்கத்தில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்த் தமிழின் கணக்கில் வரவு வைக்காதீர்கள். ஆங்கிலக்காரனும் அவன் மொழியில் இப்படித்தான் தடுமாறாமல் போகிறான்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஏழாம் வேற்றுமைக்கு இட உருபுகள் என்று நன்னூல் 28 சொற்களைச் சொல்கிறது. மேல், கீழ், முன், பின், உள் எல்லாம் அதில் வருகின்றன. ஒரு வேற்றுமை இன்னொன்றின் இடத்தில் போய் உட்காருவதைப் பேசவே தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியல் என்று தனி இயல் வைத்தார். மயக்கம் மொழியின் நோய் என்று அவர் நினைக்கவில்லை. அதற்கும் ஒரு முறை உண்டு என்று நினைத்தார்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். அதன் மேல்தான் எனக்குக் கோபம்.

‘கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது.’ தமிழில் இரண்டு மேல். ஆங்கிலத்தில் எழுதுங்கள். கடல் மட்டத்துக்கு அபோவ். 2,000 மீட்டருக்கு ஓவர். இரண்டும் இணைச்சொல் என்று கைடு சொல்கிறதே, இடம் மாற்றிப் பாருங்கள். ஓவர் சீ லெவல் என்று உயரம் சொல்லும் வழக்கம் இல்லை. தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை ஓவர் போட்டால் குளிர் அடங்கும். அபோவ் போட்டால் போர்வை அந்தரத்தில் நிற்கும். வரப்புக்காகச் சண்டை போட்டால் அங்கே ஓவரை எடுத்துவிட்டு அபௌட் வைக்கலாம், அபோவ் வைக்க முடியாது. போனில் பேசினால் ‘ஓவர் த ஃபோன்’. உங்கள் பட்டியலில் இருக்கிற ஆறு சொல்லில் எது அங்கே பொருந்தும்? ஒன்றும் பொருந்தாது. ஓவர் என்ற சொல்லுக்கென்று இணைச்சொல் கிடையாது, அம்மா. அது நிற்கிற வாக்கியத்துக்குத்தான் உண்டு. வாக்கியத்தை உரித்து எறிந்துவிட்டு வெறும் சொற்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்கள் அதை வைத்து என்ன செய்வார்கள்? தேர்வு முடிகிறவரை சுமப்பார்கள்.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் எங்கள் எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் வாத்தியார். கதர்ச் சட்டை, கையில் எப்போதும் மடித்த குடை. அவருக்கு வீடு கோரிப்பாளையம் பக்கம், எங்களுக்குச் செல்லூர். சாயந்தரம் சேர்ந்து நடப்போம். வைகையில் தண்ணீர் வந்திருந்த ஒரு நாள், ஏ.வி. பாலத்தின் நடுவில் எங்களை நிறுத்தினார். 1889இல் கட்டிய பாலம் அது. பக்கத்தில் தாழ்வாக யானைக்கல் கல்பாலம். அதைத் தண்ணீர் மூடிக்கொண்டு ஓடியது. ஆகாயத்தாமரைக் கொத்துகள் கல்லில் சிக்கிச் சுழன்றன. ஒரு பால்காரர் கேன் மாட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் வந்துகொண்டிருந்தார்.

‘கல்பாலத்து மேல என்னடா போகுது?’

‘தண்ணி சார்.’

‘தண்ணிக்கு மேல யாரு நிக்கிறா?’

‘நாம சார்.’

‘நம்ம கால்ல ஈரம் இருக்கா? அந்தப் பால்காரர் கால்ல?’ எங்களுக்குப் பதில் வரவில்லை. ‘ரெண்டுக்கும் ஓவர்தான். ஆனா நாம நிக்கிறதுக்கு அபோவ்னும் சொல்லலாம். கல்பாலத்துத் தண்ணிக்குச் சொல்லாதே. அது ஒட்டி, மூடிக்கிட்டுல்ல போகுது.’

பிறகு நடந்தோம். ‘இப்ப பாலத்து மேல போறோம். இதுவும் ஓவர். இங்க அக்ராஸ் போடலாம்’ என்றார். கோரிப்பாளையம் முனையில் இறங்கியதும் குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டி, ‘நடை முடிஞ்சுது. த வாக் ஈஸ் ஓவர்’ என்றார். அவ்வளவுதான் பாடம். கரும்பலகை இல்லை, நோட்டு இல்லை. ஓவரில் எனக்கு அதற்குப் பிறகு சந்தேகம் வந்ததே கிடையாது.

வெகு காலம் கழித்து, அந்த மாலை வாத்தியார் செய்ததை மொழியியல்காரர்களும் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் கிளாடியா பிரக்மன் என்பவர் 1981இல் இந்த ஒற்றைச் சொல்லுக்காகவே ஓர் ஆய்வேடு எழுதினார். 1987இல் ஜார்ஜ் லேக்காஃப் அதை எடுத்து விரித்தார். பொருள்கள் சிதறிக் கிடக்கவில்லை, ‘மேலாகக் கடந்து போதல்’ என்ற ஒரு காட்சியிலிருந்து கிளை பிரிகின்றன என்பது அவர்கள் சொன்னது. நமக்கு இது அந்நியமே இல்லை. வைகை அணை நிரம்பும்போது ‘நீர்மட்டம் 66 அடியைத் தாண்டியது, முதல் வெள்ள எச்சரிக்கை’ என்று பேப்பரில் போடுகிறார்கள். 66க்கு மேல் என்பதைத் தாண்டுதல் என்கிறோம். ‘கண்டத்தைத் தாண்டிட்டான்’ என்றால் ஆபத்து முடிந்தது. மோர் தேனும் ஃபினிஷ்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

இப்போது அந்தப் பையன். ‘மேட்ச் மேலயா?’ என்று கேட்டானே, அன்று உங்கள் வகுப்பில் மொழியைப் பற்றி யோசித்தவன் அவன் ஒருவன்தான். வகுப்பு சிரித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. நீங்களும் சிரித்திருந்தால், நாளைக்கே அவனை எழுப்பி, உன் கேள்வி நல்ல கேள்வி என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். பிறகு கிரிக்கெட்டையே எடுங்கள். ஆறு பந்து முடிந்ததும் அம்பயர் ‘ஓவர்’ என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல்தான் அந்த ஆறு பந்துக்கே பெயரானது. அவனுக்கு இது பிடிக்கும். வீட்டில் கேட்கிற மேல் எல்லாவற்றையும் வாக்கியத்தோடு எழுதி வரச் சொல்லுங்கள். எதெது ஓவர் ஆகும், எதெது ஆகாது என்று அவர்களே சண்டை போடட்டும். ‘பத்து மணிக்கு மேல’ என்பதில் கட்டாயம் மாட்டுவார்கள். மாட்டட்டும், ஆஃப்டர் என்று அவர்கள் வாயிலிருந்தே வரும்.

சுருக்கமான விதி கேட்டிருந்தீர்கள். இல்லை. டிக்‌ஷனரி எதுவானாலும் சரி, ஒவ்வொரு பொருளுக்கும் உதாரண வாக்கியம் இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பார்த்து வாங்குங்கள். மூன்றாம் வகுப்பில் இலக்கணம் வேண்டாம், கதை சொல்லுங்கள். மனப்பாடத்துக்குக் கொடுத்த அந்தப் பட்டியலைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.