எட்டடி உயரம், தாமிர வயர், மாற்றிய பாஸ்வேர்டு: வீட்டு கேமரா கேள்வி-பதில்

வீட்டுக்குத் தாங்களே கேமரா வாங்கி மாட்டுபவர்களின் கடிதங்கள் இந்த முறை அதிகம். மாடல் எண் எழுதாமல், வாசல் கேட் எவ்வளவு தூரம் என்றும் சொல்லாமல், "நல்ல கேமரா ஒன்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டவற்றை ஒதுக்கிவிட்டேன். எதைப் பார்க்க வேண்டும், எவ்வளவு தூரத்தில், பகலிலா இரவிலா என்பது தெரியாமல் யாராலும் கேமரா சொல்ல முடியாது.

புது வீடு கட்டுகிறோம், இன்னும் பூச்சு வேலை தொடங்கவில்லை. வைஃபை கேமரா போதுமா, வயர் இழுக்க வேண்டுமா? (தஞ்சாவூர்)

சரியான நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். வயர் இழுங்கள். பெரும்பாலான வைஃபை கேமராவுக்கும் கரண்ட் வயர் வேண்டும். மிச்சமாவது டேட்டா வயர் மட்டும்தான். அதற்காக இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டி சிக்னல் வருமா என்று தினமும் தவிக்க வேண்டாம். ஒவ்வொரு கேமரா இடத்திலிருந்தும் என்விஆர் (பதிவுப் பெட்டி) வைக்கும் இடத்துக்குத் தனித்தனியாக ஒரு கேட்-6 நெட்வொர்க் வயர், நடுவில் ஒட்டு இல்லாமல். பிஓஇ சுவிட்ச் வைத்தால் படமும் கரண்டும் அதே வயரில் போகும். 100 மீட்டர் வரை தாங்கும், வீட்டுக்கு அது தாராளம். 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்க்காதீர்கள். இப்போது 4 கேமராதான் என்றாலும் 6 இடத்துக்குப் பைப் போட்டுவிடுங்கள்.

என்விஆரை ஹாலில் டிவிக்குக் கீழே வைப்பது பெரிய தவறு. உள்ளே வருபவன் முதலில் தூக்குவது அதைத்தான். பூட்டக்கூடிய, காற்று புகும் அலமாரியில் வையுங்கள்.

அப்புறம், வயர் முழுத் தாமிரமாக இருக்க வேண்டும். இதைக் கீழே மறுபடியும் சொல்லப் போகிறேன்.

பகலெல்லாம் நன்றாக ஓடும் கேமரா, இரவு ஏழு மணிக்கு மேல் அணைந்து அணைந்து எரிகிறது. கேமரா கோளாறா? (திருப்பூர்)

வயர் கோளாறு. இரவில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியத் தொடங்கியதும் கேமரா கூடுதல் கரண்ட் இழுக்கும். வயர் சரியில்லை என்றால் 12 வோல்ட் கேமராவுக்குப் போய்ச் சேரும்போது 10 ஆகிவிடும். கேமரா அணைந்து மறுபடி எழும். நீங்கள் வாங்கியது அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய சிசிஏ வயராக இருக்கும். அதன் மின்தடை தாமிரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். விலை பாதியாக இருக்கிறதே என்று வாங்கிவிட்டுப் பிறகு கேமரா கம்பெனியைத் திட்டுவதில் பயனில்லை. வயர் மாற்றும்வரை, தூரக் கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல 12 வோல்ட் அடாப்டர் கொடுத்துச் சமாளிக்கலாம்.

4 கேமராவுக்கு 1 டிபி (டெராபைட்) ஹார்ட் டிஸ்க் போதுமா? (கரூர்)

எத்தனை நாள் பதிவு வேண்டும் என்று எழுதவில்லை. 2 மெகாபிக்சல், எச்.265 (படத்தைச் சுருக்கும் முறை), நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்துக்கொண்டால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 20 ஜிபிக்குச் சற்று மேல். நான்குக்கு 85, 90 ஜிபி. 1 டிபியில் பத்து நாள் வரும். பழைய எச்.264 என்றால் அதில் பாதி. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வரும் வழக்கம் இருந்தால் 2 டிபி போடுங்கள். சிசிடிவிக்கென்று வரும் ஹார்ட் டிஸ்க்கையே வாங்குங்கள். பழைய கம்ப்யூட்டரில் கழற்றியது இரவு பகலாக எழுதுவதைத் தாங்காது.

டம்மி கேமரா வைத்தால் பயம் இருக்காதா? (மதுரை)

வேண்டாம். அந்தக் காசுக்கு வாசலில் ஒரு எல்இடி விளக்கு போடுங்கள்.

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் 5 மெகாபிக்சல் கேமரா எட்டு மாட்டியிருக்கிறோம், எல்லாம் 2.8 எம்எம். போன வாரம் வாசலில் நின்ற பைக்கைத் தள்ளிக்கொண்டு போனவன் எல்லா கேமராவிலும் விழுந்திருக்கிறான், முகம் ஒன்றில்கூடத் தெரியவில்லை. 4கே கேமராவுக்கு மாறினால் தெரியுமா? (சென்னை, பள்ளிக்கரணை)

தெரியாது. இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது, ஏனென்றால் செலவு செய்யத் தயாராக இருந்த வீடுகள்தான் இப்படி ஏமாறுகின்றன.

கணக்கைப் பாருங்கள். முன்பின் தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் ஏற்கப்பட்ட அளவு. 2.8 எம்எம் லென்ஸ் நூறு டிகிரிக்கு மேல் விரிந்து பார்க்கும். அவ்வளவு விரியும்போது பிக்சல் எல்லாம் தெருவுக்கும் எதிர் வீட்டுச் சுவருக்கும் வானத்துக்கும் பங்கு போய்விடும். 2 மெகாபிக்சலில் முகம் பிடிபடுவது 3 மீட்டர் வரை, 5 மெகாபிக்சலில் 4 மீட்டர், 4கேயில் 6 மீட்டர். இது நல்ல வெளிச்சத்தில். இரவில் இன்னும் குறையும். அதே அளவு சென்சாரில் பிக்சலை அதிகமாக்கினால் ஒவ்வொரு பிக்சலுக்கும் விழும் வெளிச்சம் குறைந்து படம் புள்ளி புள்ளியாகும்.

இனி உயரம். உங்கள் கைப்பிடிச் சுவர் இருபதடி இருக்கும். சுவரிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்பவனை அந்தக் கேமரா ஐம்பது டிகிரிச் சாய்வில் மேலிருந்து பார்க்கிறது. தொப்பியும் உச்சந்தலையும் தோளும் தெரியும். 4கே போட்டால் அதே தொப்பி இன்னும் தெளிவாகத் தெரியும். அதோடு, மேலே இருப்பதால் கேமராவுக்கும் அவனுக்கும் நேர்கோட்டுத் தூரமே 6 மீட்டர் ஆகிவிடுகிறது. பிக்சல் கணக்கும் போச்சு, கோணமும் போச்சு.

செய்ய வேண்டியது இது. எட்டில் ஒன்றைக் கழற்றுங்கள். கேட் தூணுக்கு எதிரே, போர்டிகோ சன்ஷேடுக்குக் கீழே, எட்டடி உயரத்தில் வையுங்கள். அந்த உயரத்திலிருந்து 4 மீட்டரில் நிற்பவரின் முகத்தைப் பத்துப் பன்னிரண்டு டிகிரிச் சாய்வில்தான் கேமரா பார்க்கும். தொப்பி போட்டிருந்தாலும் கண்ணும் மூக்கும் கிடைக்கும். லென்ஸ், தூரத்தைப் பொறுத்தது. கேட் 4 மீட்டர் என்றால் 4 எம்எம், 7 அல்லது 8 மீட்டர் என்றால் 6 எம்எம். 6 எம்எம் ஐம்பது டிகிரி அளவுக்குத்தான் பார்க்கும். அந்தக் கேமராவின் வேலை கேட் வழியாக வருபவரின் முகம், அது மட்டுமே. தெருவைப் பார்க்க மேலே இருக்கும் மற்ற ஏழும் இருக்கின்றன. கைக்கெட்டும் உயரத்தில் வைத்தால் உடைத்துவிடுவானே என்று கேட்பீர்கள். உடைக்கட்டும், உடைக்க வரும்போது முகம் பதிவாகிவிடும். மேலே உள்ள ஒரு கேமரா இந்தக் கேமராவையும் பார்க்கும்படி திருப்பி வையுங்கள்.

வாசல் கிழக்கு பார்த்தது என்றால் காலையில் பின்வெளிச்சம் முகத்தைக் கருப்பாக்கும். 120 டெசிபல் டபிள்யூடிஆர் (பின்வெளிச்சத்தைச் சமாளிக்கும் வசதி) உள்ள கேமராவாகப் பாருங்கள், செட்டிங்கில் அதை ஆன் செய்யவும் வேண்டும். இரவில் நடந்து வருபவர் இழுவையாகப் பதிவானால் ஷட்டரை 1/100க்கு மாற்றி, வாசல் விளக்கை எரியவிடுங்கள்.

டிரில் மெஷினைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு சோதனை. கேமராவை ஏணியில் கட்டி வைத்து, இரவு எட்டு மணிக்கு வீட்டில் ஒருவரைத் தொப்பி போட்டு வேகமாக நடந்து வரச் சொல்லுங்கள். லைவ் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ரெக்கார்டிங்கை நிறுத்தி ஒவ்வொரு ஃபிரேமாகப் பாருங்கள். முகம் தெரிந்தால் அங்கே ஓட்டை போடுங்கள். எத்தனை கேமரா, எத்தனை மெகாபிக்சல் என்ற பேச்செல்லாம் இதற்குப் பிறகு.

இரவில் படம் முழுக்க வெள்ளைப் புகை மாதிரி வருகிறது. (கும்பகோணம்)

சிலந்தி. ஐஆர் வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸுக்கு முன்னால் ஒற்றை இழை இருந்தாலும் வெளிச்சம் திரும்பி அடித்துப் படம் வெளுக்கும். வாரம் ஒரு முறை துடையுங்கள். கேமரா ஓரத்தில் சுவரோ சன்ஷேடோ மறைத்தாலும் இதே நிலைதான். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வைத்திருந்தால் ஐஆரை அணைத்துவிட்டு வெளியே தனி விளக்கு போடுவதுதான் வழி.

நான் துபாயில் இருக்கிறேன். ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறார். ஹாலிலும் அம்மாவின் அறையிலும் வைஃபை கேமரா வைக்க நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் வைக்கலாமா? (காரைக்குடியிலிருந்து துபாய் சென்ற வாசகர்)

கூடாது. அந்தப் பெண்ணிடமும் சொல்லுங்கள், அதற்கு முன்னால் உங்கள் அம்மாவிடம் கேளுங்கள். அவர் உடை மாற்றும், உடம்பு துடைத்துக்கொள்ளும் அறை அது. அங்கே கேமரா வேண்டாம். ஹாலில் ஒன்று, சமையலறை வாசலைப் பார்த்து ஒன்று போதும். பேசும் வசதி உள்ளதாக வாங்கினால் அம்மா அங்கிருந்தே உங்களோடு பேசலாம். மறைத்து வைத்து ஒருவரின் அந்தரங்கத்தைப் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவு தனியாக இருக்கிறது.

வீட்டுக்குள் வைக்கும் கேமராவுக்கு பாஸ்வேர்டு என்பது படுக்கையறைக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் பெண்களைப் பரிசோதிக்கும் காட்சிகள் வெளியே கசிந்து விற்கப்பட்டது தெரியவந்தது. அங்கே கேமராவோடு வந்த பாஸ்வேர்டே மாற்றப்படாமல் இருந்ததாகச் செய்தி வந்தது. 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர் பதிவுப் பெட்டிகளையும் பிடித்ததும் இதே வழியில்தான். முதல் நாளே மாற்றுங்கள்: வேறெங்கும் பயன்படுத்தாத, 12 எழுத்துக்குக் குறையாத ஒன்று. செயலியில் இரண்டு கட்டச் சரிபார்ப்பு இருந்தால் ஆன் செய்யுங்கள். ஊரில் செட் செய்து கொடுத்த தம்பியின் போனில் அந்தக் கணக்கு இன்னும் திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆன்லைனில் 1,200 ரூபாய்க்குச் சுழலும் கேமரா கிடைக்கிறது. வாங்கலாமா? (சேலம்)

விலையை எழுதினீர்கள், பெயரையும் மாடலையும் எழுதவில்லை. விலை குறைவு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்க வரும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புப் பரிசோதனை கட்டாயம் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. பெட்டியில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தது என்று வரும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் திருப்பி அனுப்புங்கள். வந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

வெளியூரிலிருந்து போனில் பார்க்க ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இன்டர்நெட் முகவரி) வாங்கி, ரூட்டரில் போர்ட் திறக்கச் சொல்கிறார் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன். (ஈரோடு)

செய்யாதீர்கள். கேமராவின் கியூஆர் குறியீட்டை அதன் செயலியில் ஸ்கேன் செய்தாலே போதும். போர்ட் திறப்பது தெருவில் போகிற எல்லோருக்கும் கேமராவின் லாகின் பக்கத்தைக் காட்டுவது.

கரண்ட் போனால் எல்லாம் நின்றுவிடுகிறது. (விழுப்புரம்)

4 கேமரா, என்விஆர், ரூட்டர் எல்லாம் சேர்ந்து 50 வாட் அளவில்தான் இழுக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த லைனில் கொடுங்கள், பல மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் என்விஆர் ரீஸ்டார்ட் ஆனால் நடுவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் யுபிஎஸ் வையுங்கள். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் அரை மணி நேரத்துக்கு மேல் தரும். ரூட்டரை மறந்துவிடாதீர்கள், அது அணைந்தால் வீட்டில் பதிவாகும், உங்கள் போனுக்கு வராது.

கடலோர வீடு. ஒரே வருடத்தில் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துவிட்டது. (நாகர்கோவில் அருகே)

கேமரா தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 தரம் என்றாலும் அதன் பின்னால் தொங்கும் கனெக்டர் அப்படி இல்லை. எல்லா இணைப்பும் மூடிய ஜங்ஷன் பாக்ஸுக்குள் போக வேண்டும். வயர் கீழிருந்து மேலாக வளைந்து பாக்ஸுக்குள் நுழையட்டும், மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். கனெக்டருக்குச் சிலிக்கோன் கிரீஸ், திருகுகள் துருப்பிடிக்காத எஃகு. இரும்பு உடம்புக் கேமராவை அங்கே வாங்காதீர்கள். வயரும் முழுத் தாமிரம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈர உப்புக்காற்றில் சிசிஏ வயர் இன்னும் வேகமாகப் பொடிந்து போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கேமரா அவர்கள் ஜன்னலைப் பார்க்கிறது என்று சண்டைக்கு வருகிறார். (வேலூர்)

பார்க்கிறதா இல்லையா? பார்த்தால் அவர் சொல்வது நியாயம். கேமராவைத் திருப்புங்கள். திருப்ப முடியாத இடம் என்றால் செட்டிங்கில் பிரைவசி மாஸ்க் போட்டு அந்தப் பகுதியைக் கருப்பாக்கி, அவரை அழைத்துத் திரையைக் காட்டுங்கள்.

திருட்டு நடந்தால் பதிவைப் போலீஸிடம் எப்படிக் கொடுப்பது? போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா? (திருச்சி)

தேடத் தொடங்க வாட்ஸ்அப் உதவும், வழக்குக்கு அது போதாது. திரையைப் போனில் படமெடுத்தால் தரமும் போகும், நம்பகமும் போகும். அன்றைக்கே டிவிஆரிலிருந்து நேரடியாகப் பென்டிரைவில் எடுங்கள். சம்பவத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரம் சேர்த்து எடுங்கள். தாமதித்தால் டிஸ்க் நிறைந்து பழையதன் மேல் புதியது எழுதிவிடும். மூலப் பதிவை அழிக்காமல் வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவுப்படி இப்படிப்பட்ட நகலோடு ஒரு சான்றிதழ் வேண்டும். ஒரு பகுதியில் கருவியை வைத்திருக்கும் நீங்களும், இன்னொன்றில் ஒரு நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) அதில் எழுத வேண்டும். விசாரணை அதிகாரியிடம் படிவத்தைக் கேளுங்கள்.

இன்னொன்று, டிவிஆரின் கடிகாரம். பல வீடுகளில் அது இருபது நிமிடம் முன்னே பின்னே ஓடுகிறது, சிலவற்றில் வருடமே தவறு. கொடுக்கும்போது போன் நேரத்துக்கும் டிவிஆர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிக் கொடுங்கள். இன்டர்நெட்டில் இருக்கும் கருவி என்றால் செட்டிங்கில் என்டிபியை (இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுக்கும் வசதி) ஆன் செய்து, நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள், தானாகச் சரியாகிக்கொள்ளும். கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் தேதி பின்னால் போனால் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும்.