‘உண்மை’ என்று ஒரு பக்கம்

கேள்வி: டான் பிரவுனின் ‘டா வின்சி கோட்’ நாவலில் வரும் ரகசியச் சங்கம் வெறும் கட்டுக்கதை என்கிறார் என் நண்பர். நாவலின் முன்பக்கத்தில் ‘உண்மை’ என்று தலைப்பிட்டே அச்சிட்டிருக்கிறார்களே, அது எப்படிப் பொய்யாகும்?

பதில்: அச்சேறியதெல்லாம் உண்மை என்றால் பத்திரிகை ஆசிரியர்களின் பிழைப்பு மிகவும் சுலபமாகிவிடும். பிரையரி ஆஃப் சீயோன் என்ற சங்கம் 1099இல் நிறுவப்பட்டதென்றும், நியூட்டன், விக்டர் ஹியூகோ, லியொனார்டோ டா வின்சி போன்றோரை அதன் உறுப்பினர்களாகக் காட்டும் தோல் சுவடிகளைப் பாரிஸ் தேசிய நூலகம் 1975இல் கண்டெடுத்ததென்றும் அந்தப் பக்கம் சொல்கிறது. அந்தப் பெயரில் ஒரு சங்கம் இருந்தது. ஆனால் அது பிறந்தது 1956இல். பியேர் பிளாந்தார் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் பிரான்ஸின் அன்மாஸ் நகரை முகவரியாகக் கொண்டு, எல்லாச் சங்கங்களையும் போல அரசிடம் பதிவு செய்து தொடங்கினார்கள். அவர்கள் நடத்திய சிற்றிதழ் மலிவு வாடகைக் குடியிருப்பில் வசிப்போரின் உரிமைகளுக்காக வாதாடியது. (நாவலில் இயேசுவின் புனிதக் கிண்ண ரகசியத்தைக் காக்கும் சங்கத்தினருக்கு வாடகைக் கவலை!) ‘கண்டெடுத்த’ ஆவணங்களோ தோல் சுவடிகளே அல்ல. பெரும்பாலும் தட்டச்சுத் தாள்களான அவற்றை 1960களில் நூலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்ததே பிளாந்தாரின் வட்டம்தான். தானே புதைத்துவிட்டுத் தானே புதையல் எடுத்த கதை இது.

நாவலாசிரியர் கதைக்குள் எதை வேண்டுமானாலும் புனையட்டும். சின்னச் சின்ன அத்தியாயங்களை முடிச்சில் நிறுத்தி, புத்தகத்தைக் கீழே வைக்கவிடாத அவருடைய கைத்திறனுக்கு நானும் ஓர் இரவுத் தூக்கத்தைக் கொடுத்தவன்தான். கதை தொடங்கும் முன்பே, கதைக்கு வெளியே நின்று, ‘இது மட்டும் உண்மை’ என்று வாக்குக் கொடுத்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நாவலில் வரும் கலைப்படைப்புகளின் வருணனைகளும் துல்லியமானவை என்று அதே பக்கம் உறுதியளிக்கிறது. மிலானில் டா வின்சி வரைந்த ‘இறுதி இராவுணவு’ சுவரோவியத்தில் இயேசுவின் வலப்பக்கம் இருப்பவர், வழக்கமாகச் சொல்லப்படும் சீடர் யோவான் அல்ல, இயேசுவைப் பின்பற்றிய மகதலேனா மரியாள் என்கிறது நாவல். அக்காலத்து பிளாரன்ஸ் ஓவியர்கள் யோவானைத் தாடி மீசையற்ற மென்மையான இளைஞராகவே வரைந்தார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தச் சுவரில் இருப்பது 13 பேர்தான்: இயேசு, அவருடைய 12 சீடர்கள் என்று கணக்கு சரியாக இருக்கிறது. அவர் மரியாள் என்றால், யோவான் பந்தியிலிருந்து எப்போது எழுந்து போனார் என்று உங்கள் நண்பரிடம் அல்ல, நீங்கள் நம்பும் அந்த முன்பக்கத்திடம் கேளுங்கள்.