தங்க நானோ துகளுக்குப் பூச்சு எதற்கு?

"நோயைக் காட்டுவது தங்கத் துகள்தானே, அதன்மேல் பூச்சு எதற்கு? பூசினால் உணர்திறன் குறையாதா?" என்று குன்னூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்.

குறையும். ஆனாலும் பூசித்தான் ஆகணும். நோயைக் காட்டும் புரதம் வந்து ஒட்டினால் துகளின் நிறம் மாறும், அதை வைத்துத்தான் நோயைக் கண்டுபிடிக்கிறோம்.

சுமார் 20 நானோமீட்டர் தங்கத் துகள்மேல் ஒளி பட்டால் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடும். 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை ஒளியை அவை விழுங்கிவிடுவதால் கரைசல் மாதுளைச் சாறு மாதிரி சிவந்து நிற்கும். ஊட்டியில் பாடம் எடுத்த காலத்தில் அதில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் காட்டுவேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாவல்பழ நிறத்துக்கு மாறிவிடும். துகள்மேல் ஒட்டியிருக்கும் சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) தரும் எதிர்மின்சுமைதான் துகள்களை விலக்கி வைத்திருந்தது. உப்பு அதை மறைத்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ரத்தத்திலும் உப்பு இருக்கிறதே! வெறும் துகளைப் போட்டால் நோயே இல்லாமல் நிறம் மாறும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பாலிமர், ஏதாவது ஒரு புரதம், சிலிக்கா என்று ஏதாவது பூசினால் அந்தத் தொல்லை இல்லை. நோயைக் காட்டும் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியையும் அதன்மேலேயே பொருத்தலாம்.

சிக்கல் தடிமனில். தொட்டபெட்டா மூடுபனியில் டார்ச் அடித்த மாதிரி, துகளின் மின்புலம் பக்கத்தில் மட்டுமே வலுவாக இருக்கும். சில நானோமீட்டர் தள்ளினாலே தேய்ந்துவிடும். 20 நானோமீட்டருக்கு சிலிக்கா பூசினால், வெளியே அந்த நோய்ப் புரதம் வந்து ஒட்டியது துகளுக்குத் தெரியவே தெரியாது. மருந்துக்கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைப் பட்டைக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே துகள் வெறும் சிவப்புச் சாயம், கோட்டில் வந்து சேர்ந்தால் போதும்.

வெள்ளி இன்னும் கூர்மையாக உணரும். ஆனால் சீக்கிரம் ஆக்சிஜனேற்றம் அடைவதால் அதற்குப் பூச்சு இல்லாமல் முடியாது.