பிரிட்டனில், பிரிந்துபோன துணையோடு பிள்ளைகள் 200 மைல் தள்ளி இருக்கிறார்கள். பார்க்கப் போகும் பயணச் செலவை, பிள்ளைகளுக்காகக் கட்டும் மெயின்டெனன்ஸ் (பராமரிப்பு) தொகையில் கழிக்க முடியுமா?

கழிக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் நினைக்கிற இடத்தில் அது கழியாது. இந்தத் தொகையை நிர்ணயிக்கும் அரசு அமைப்பான சைல்டு மெயின்டெனன்ஸ் சர்வீஸ் (எல்லோரும் சிஎம்எஸ் என்றுதான் சொல்வார்கள்) பயணச் செலவை நீங்கள் கட்டும் தொகையிலிருந்து எடுப்பதில்லை. வரிக்கு முந்தைய உங்கள் வார வருமானத்திலிருந்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்குச் சதவீதம் போடுகிறது. ஏமாற்றம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். வார வருமானம் 200 முதல் 800 பவுண்டுக்குள் இருந்தால், ஒரு பிள்ளைக்கு 12%, இரண்டுக்கு 16%, மூன்று அல்லது அதற்கு மேல் 19%. உங்களுக்கு வாரம் 600 பவுண்டு, இரண்டு பிள்ளைகள் என்றால் தொகை 96 பவுண்டு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை போய்க் கூட்டி வந்து, ஞாயிறு கொண்டுபோய் விட்டுத் திரும்பினால் 800 மைல். கேலனுக்கு 40 மைல் ஓடும் கார், பெட்ரோல் லிட்டர் 1.40 பவுண்டு என்று வைத்தால் ஒரு தடவைக்கு சுமார் 127 பவுண்டு, வாரச் சராசரி 64. இதை ஏற்றுக்கொண்டால் 536 பவுண்டுக்கு 16%, அதாவது 85.76. வாரம் 64 பவுண்டு செலவழிக்கிறவருக்குக் கிடைக்கும் நிவாரணம் 10.24 பவுண்டு. வேண்டாம் என்று விடும் தொகை இல்லை, ஆனால் இதை நம்பி மாதச் செலவைத் திட்டமிடாதீர்கள். வருமானம் மிகக் குறைவு என்பதால் வாரம் 7 பவுண்டு நிலைத்தொகை மட்டும் கட்டுபவருக்கு இதுவும் கிடையாது.

இந்தக் கழிவுக்குப் பெயர் 'வேரியேஷன்'. தானாக வராது, நீங்கள்தான் கேட்க வேண்டும். பயணச் செலவு வாரச் சராசரி குறைந்தது 10 பவுண்டு இருக்க வேண்டும். ரயில், பஸ் டிக்கெட், எரிபொருள், சுங்கக் கட்டணம் சேரும். அன்றே திரும்ப முடியாத தூரம் என்றால் தங்கும் அறை வாடகையும் சேரும். டாக்ஸி கட்டணம், உடல்நிலை காரணமாக வேறு வண்டியில் போக முடியாதபோது மட்டும். சாப்பாடு, சினிமா, பரிசுப் பொருள், கார் இன்சூரன்ஸ், தேய்மானம் எதுவும் சேராது. அலுவலகப் பயணத்துக்குப் போடுவதுபோல மைலுக்கு 45 பென்ஸ் என்று எழுதி அனுப்புவது அடிக்கடி நடக்கும் தவறு. இங்கே எரிபொருளுக்கு ஆன காசு மட்டும்தான் கணக்கு. வேறு யாராவது அந்தச் செலவில் பங்கு தந்தால் அதைக் கழித்துக்கொண்டுதான் பார்ப்பார்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் அடிபடுவது சந்திப்புக்கு ஒரு ஒழுங்கு இல்லை என்பதால். "முடிந்தபோதெல்லாம் போவேன்" என்று சொன்னால் சராசரி எடுக்க வழியில்லை. கடந்த 12 மாதத் தேதிகள், டிக்கெட் ரசீது, பெட்ரோல் பில், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே தாளில் வரிசைப்படுத்துங்கள். சந்திப்பு இனிமேல்தான் தொடங்கப் போகிறது என்றால், இருவரும் ஒப்புக்கொண்ட அட்டவணையோ கோர்ட் உத்தரவோ வேண்டும். மற்ற பெற்றோருக்குத் தகவல் போகும், பதில் சொல்ல 14 நாள் கொடுப்பார்கள். அவர் சொல்லும் தேதிகளும் உங்கள் தேதிகளும் முட்டினால் காகிதம் வைத்திருப்பவர் பக்கம்தான் சாயும். செலவு அதிகம் என்று தோன்றினால் சிஎம்எஸ் அதைக் குறைக்கலாம். ஆனால் கோர்ட் உத்தரவில் உள்ள அளவுக்குப் பிள்ளையைப் பார்க்கவே முடியாமல் போகும்படி குறைக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. உத்தரவு கையில் இருப்பவர்கள் அதன் நகலை முதலிலேயே இணைத்துவிடுங்கள்.

இதைவிட அதிகம் தருவது இரவுக் கணக்கு. பிள்ளை வருடத்துக்கு 52 இரவு உங்களோடு தங்கினால் தொகையில் ஏழில் ஒரு பங்கு குறையும். 104 ஆனால் ஏழில் இரண்டு. மேலே சொன்ன 96 பவுண்டில் ஏழில் ஒன்று 13.71, மொத்தப் பயணக் கழிவையும்விட அதிகம். இரண்டும் சேர்ந்தால் 73.51-க்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு இரவு என்றால் சரியாக 52. ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை பனி, அவ்வளவுதான், 48 ஆகிவிடும். அதனால் பள்ளி விடுமுறையில் ஒரு வாரமாவது சேர்த்து எழுதி வாங்குங்கள். இங்கிலாந்தில் பள்ளி விடுமுறை வருடத்துக்கு சுமார் 13 வாரம். பாதி கிடைத்தாலே 45 இரவு வந்துவிடும், 800 மைல் ஓட்டமும் குறையும். தூரத்தில் இருப்பவர்களுக்கு வார இறுதியைவிட விடுமுறை நாட்கள்தான் லாபம் என்பது என் கருத்து. பிள்ளைகளுக்கும் பாதி நேரம் மோட்டார்வேயில் கழியாது.

இன்னொரு வழி, பாதி தூரத்தில் சந்திப்பது. மற்ற பெற்றோர் பிள்ளைகளை 100 மைல் கொண்டுவந்து விட்டு, அங்கேயே வந்து திரும்பக் கூட்டிப் போனால் உங்களுக்கு வாரம் 32 பவுண்டு மிச்சம், வேரியேஷன் தருவதைப்போல மூன்று மடங்கு. பேசி முடித்தால் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு நடக்காது என்றால், குடும்ப நீதிமன்றத்தில் கேட்கும் சைல்டு அரேஞ்ச்மென்ட்ஸ் ஆர்டரிலேயே (பிள்ளை யாரோடு இருப்பது, எப்போது யாரைப் பார்ப்பது என்று சொல்லும் உத்தரவு) பிள்ளையைக் கைமாற்றும் இடத்தைக் குறிப்பிடும்படி கோரலாம். சிஎம்எஸ்ஸை விட்டுவிட்டு இருவரும் தனியாக ஒத்துக்கொண்டால் பயணச் செலவை முழுசாகக்கூடத் தொகையில் கழிக்கலாம், சட்டம் தடுக்காது.

ஆனால் சிஎம்எஸ் தொகை நிர்ணயித்த பிறகு நீங்களாகக் கழித்துக் கட்டாதீர்கள். கழித்ததெல்லாம் பாக்கியாக ஏறும். சிஎம்எஸ்ஸே உங்களிடம் வசூலித்து மற்ற பெற்றோருக்குக் கொடுக்கும் கலெக்ட் அண்ட் பே முறைக்கு மாற்றினால் ஒவ்வொரு தவணைக்கும் 20% கட்டணம் கூடுதலாகச் சேரும். பிள்ளையைக் காட்ட மறுக்கிறார் என்பதும் பணத்தை நிறுத்தக் காரணமாகாது. அது கோர்ட் விஷயம்.

ரயிலில் போகிறவர்களுக்கு ஒன்று: 35 பவுண்டு ஃபேமிலி அண்ட் ஃபிரண்ட்ஸ் ரயில்கார்டு பெரியவருக்கு மூன்றில் ஒரு பங்கும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைக்கு 60 சதவீதமும் குறைக்கும். பிள்ளை கூட இருக்கும் பயணத்துக்கு மட்டும்தான் செல்லும். கூட்டிவரத் தனியாகப் போகும் பயணத்துக்கு முன்பதிவு டிக்கெட்டோ கோச்சோ (நெடுந்தூர பஸ்) பாருங்கள்.

வேரியேஷன் மறுக்கப்பட்டால் கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் தோற்றால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், அதற்கு ஒரு மாதம்.