ரவிவர்மா சரஸ்வதி படம்: ஓவியமா, அச்சா?

வணக்கம். பாட்டி வீட்டில் இருக்கும் ரவிவர்மாவின் சரஸ்வதி படம் ஓவியமா, அச்சா என்று கேட்டிருந்தீர்கள். படத்தின் அடியில் 'ரவிவர்மா பிரஸ், கார்லா-லோனாவாலா' என்று இருந்தால் அது ஓவியமில்லை, ஓலியோகிராஃப், அதாவது எண்ணெய் ஓவியம் போலவே தோன்றும் வண்ண அச்சு. கையெழுத்தும் அச்சானதுதான். 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் பிறகு லோனாவாலா பக்கம் போனது. அரண்மனை ஓவியங்களைப் பார்க்கவே வழியில்லாத வீடுகளுக்கு ரவிவர்மாவைக் கொண்டுபோனது இந்த அச்சுகள்தான். அவர் பெயருக்கு இன்று ஏலத்தில் இருக்கும் மதிப்பிலும் அவற்றுக்குப் பங்குண்டு என்பேன்.

பிற்கால மறுபதிப்புகளும் ஏராளம். பூதக்கண்ணாடியில் வரிசை பிசகாத புள்ளிகள் தெரிந்தால் ஆஃப்செட் என்னும் பிற்கால இயந்திர அச்சு, புதியது. ஒழுங்கற்ற புள்ளிகள், மேலே வார்னிஷ் பூச்சு என்றால் பெரும்பாலும் பழையது. அந்தப் பழைய அச்சு, படத்தைக் கல்லில் வரைந்து, நிறத்துக்கொரு கல்லாக அச்சடித்தது. ஜரிகை ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்காதீர்கள், அதை விரும்பியே வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம்.