துருப்பிடித்து முறிந்த டீசல் தொட்டிப் போல்ட்: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

கேள்வி: என்னுடைய லாரி இருபது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. டீசல் தொட்டியைச் சேஸிஸோடு இறுக்கிப் பிடிக்கும் இரண்டு இரும்புப் பட்டைகளில் ஒன்றின் போல்ட் துருப்பிடித்து முறிந்துவிட்டது. மற்றொன்றின் நட் அசைய மறுக்கிறது. பட்டை, போல்ட், ரப்பர் எல்லாம் அடங்கிய முழுத் தொகுப்பையே வாங்க வேண்டும் என்கிறார் பணிமனைக்காரர். ஸ்டெயின்லெஸ் போல்ட் இரண்டு போதும் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். மரையிட்ட நீளக் கம்பியை அளவுக்கு வெட்டிப் போட்டால் இன்னும் மலிவாக முடியும் என்கிறார் நண்பர். எதைச் செய்வது?

பதில்: போல்ட்டின் விலையை ஒப்பிடுவதற்கு முன்னால் பட்டையின் நிலையைப் பாருங்கள். பட்டைக்கும் தொட்டிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் நாளாக நாளாக இறுகி வெடித்து, சேற்றையும் ஈரத்தையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே வெளிப்பக்கம் வண்ணத்தோடு நன்றாகத் தெரியும் பட்டை, உட்பக்கம் பாதிக்கு மேல் அரித்துப் போயிருக்கக்கூடும். கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்துவிட்டு, வளைவுகளிலும் போல்ட் நுழையும் துளையைச் சுற்றியும் ஸ்க்ரூ டிரைவரின் முனையால் தட்டிப் பாருங்கள். துரு ஏடு ஏடாக உதிர்ந்தாலோ, துளையின் ஓரம் மெலிந்திருந்தாலோ பணிமனைக்காரர் சொல்வதே சரி. அந்த நிலையில் புதுப் போல்ட் மட்டும் போட்டால், அதை இறுக்கும்போதே பட்டை கிழியலாம். உலோகம் கனம் குறையாமல், மேற்பரப்பில் மட்டும் செந்நிறம் படிந்திருந்தால் பட்டையைச் சுத்தம் செய்து வண்ணம் பூசி மீண்டும் பயன்படுத்தலாம். போல்ட், நட், வாஷர், ரப்பர் ஆகியவற்றை மட்டும் புதிதாக வாங்கினால் போதும்.

இந்த வேலையில் பெரும்பாலும் பொருளைவிடக் கூலியே அதிகம், அந்தக் கூலியும் பிடித்துக்கொண்ட நட்டோடு போராடும் நேரத்துக்கே போகிறது. பட்டை சந்தேகத்துக்கு இடமாக இருக்குமானால் அதையும் இப்போதே மாற்றிவிடுவது, ஓராண்டு கழித்து அதே கூலியை இரண்டாம் முறை கொடுப்பதைவிட லாபம். ஆனால் நல்ல பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முழுத் தொகுப்புக்கும் பணம் கேட்பவர்களும் உண்டு. மதிப்பீட்டில் பொருள் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

நண்பர் சொல்லும் கம்பி வேண்டாம். 200 லிட்டர் டீசல் ஏறத்தாழ 170 கிலோ எடை இருக்கும். சக்கரம் குழியில் இறங்கி ஏறும்போது பட்டையின் மீது விழும் விசை அதைவிடப் பல மடங்கு அதிகம். கடைகளில் குறியீடு ஏதுமின்றிக் கிடைக்கும் மரைக்கம்பி பெரும்பாலும் மென்மையான எஃகு. போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அதன் இழுவை வலிமை (முறியாமல் தாங்கும் இழுப்பு) 800 மெகாபாஸ்கல் (அதை அளக்கும் அலகு) என்று பொருள், 4.6 என்றால் 400, அதாவது சரிபாதி. பழைய போல்ட்டில் என்ன குறி இருந்ததோ அதற்குக் குறையாத தரத்தில் வாங்குங்கள். முனை கொக்கிபோல வளைந்த போல்ட் என்றால், அதில் பெரும்பாலும் எந்தக் குறியும் இருக்காது. அதை வாகன நிறுவனத்தின் பாக எண்ணைச் சொல்லியே வாங்க வேண்டும். நேரான கம்பியைப் பழுக்கக் காய்ச்சிக் கொக்கியாக வளைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடினப்படுத்திய எஃகு அந்தச் சூட்டில் தன் வலிமையை இழந்துவிடும்.

ஸ்டெயின்லெஸ் போல்ட் கெட்ட பொருள் அன்று, ஆனால் கடைக்காரர் சொல்லும் அளவுக்கு உயர்ந்ததும் அன்று. ஏ2-70 என்று பொறித்த போல்ட்டின் இழுவை வலிமை 700 மெகாபாஸ்கல். ஆனால் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை 450 மட்டுமே, 8.8 தரத்துக்கோ அது 640. போதாக்குறைக்கு, ஸ்டெயின்லெஸ் நட்டும் போல்ட்டும் இறுக்கும்போதே மரையோடு மரை ஒட்டி இறுகிப்போகும் இயல்புடையவை. எனவே பழைய லாரிக்கு நான் பரிந்துரைப்பது துத்தநாகப் பூச்சுள்ள 8.8 போல்ட்தான். பளபளப்பான மின்முலாம் சில மைக்ரான் மட்டுமே இருக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த மங்கலான பூச்சு அதைவிடப் பல மடங்கு தடிமனானது, சேற்றிலும் உப்பு நீரிலும் அதிக காலம் தாங்கும். அப்படி முக்கியெடுத்த போல்ட்டுக்கு அதற்கென மரை சற்று அகலமாக வெட்டிய நட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நட் ஏறாது.

கடைக்கு முறிந்த போல்ட்டையும் சேஸிஸ் எண்ணையும் எடுத்துச் செல்லுங்கள். 12 மில்லிமீட்டர் போல்ட்டும் அரை அங்குலப் போல்ட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். 12 மில்லிமீட்டரிலேயே 1.75, 1.5, 1.25 என்று மரை இடைவெளி வேறுபடும். நட்டைக் கையால் மரையின் கடைசி வரை சுற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். இரண்டு மூன்று சுற்றில் பிடித்தால் அளவு தவறு. ஸ்பேனர் போட்டால் ஏறிவிடும் என்ற சமாதானத்தை ஏற்க வேண்டாம்.

கேள்வி: பிடித்துக்கொண்ட நட்டைக் கேஸ் கட்டிங் மூலம் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். தொட்டி காலியாக இருந்தால் ஆபத்து இல்லைதானே?

பதில்: காலித் தொட்டிதான் அதிக ஆபத்தானது. எரிவது திரவம் அன்று, காற்றோடு கலந்த ஆவி. நிரம்பிய தொட்டியில் அதற்கு இடம் குறைவு, காலித் தொட்டி முழுவதும் அதுவே. டீசல் சாதாரண வெப்பத்தில் பெட்ரோலைப்போல எளிதில் பற்றாது என்பது உண்மை. ஆனால் கட்டிங் சுடர் தொட்டியின் தகட்டைச் சூடாக்கினால் அந்த வேறுபாடு துணைக்கு வராது. கிரைண்டரின் தீப்பொறிக்கும் இதே விதி. துரு இளக்கும் எண்ணெயை முதல் நாளே தெளித்து ஊறவிட்டு, மறுநாள் முயலுங்கள். அப்படியும் அசையாவிட்டால், நட்டைப் பிளக்கும் கைக்கருவியோ ஹேக்ஸா பிளேடோ போதும். எப்படியும் தூக்கி எறியப்போகும் போல்ட்டைக் காப்பாற்ற முயன்று நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

வேலையின்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, எரிபொருளை இயன்றவரை வெளியேற்றி, தொட்டியின் அடியில் அகலமான பலகை வைத்து ஜாக்கியால் தாங்க வேண்டும். ஒரு பட்டையை முழுமையாக முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் தொட்டி இறங்கி, எரிபொருள் குழாயையும் எரிபொருள் அளவு காட்டும் மானியின் ஒயரையும் இழுத்துவிடும். ஒரு போல்ட் ஏற்கெனவே முறிந்திருப்பதால், பணிமனை வரைகூட வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் போல்ட்டை முன்பே வாங்கிவிட்டேன், கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். வீண்தானா?

பதில்: தலையில் ஏ2-70 அல்லது ஏ4-70 என்ற குறி இருந்து, வாகனக் கையேடு உயர்ந்த தரம் எதையும் கேட்காவிட்டால் பயன்படுத்தலாம். மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்க அதற்கான மசகை (ஆன்டி-சீஸ்) தடவி, மெதுவாக, கைக்கருவியால் மட்டும் இறுக்குங்கள். மசகு தடவிய மரை அதே முறுக்கில் அதிகமாக இறுகும் என்பதால், கையேட்டில் உலர்ந்த மரைக்குச் சொன்ன அளவை அப்படியே போட வேண்டாம். பட்டை தொட்டியை நெளிக்கும் அளவுக்கு இறுக்குவதும் தவறு. குறியே இல்லாத போல்ட் என்றால் அதை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புது ரப்பர் முதல் சில நாள் ஓட்டத்தில் அமுங்கும். அதன்பின் நட்டை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.