வலம்புரியை வரையும் சமன்பாடு

அன்புள்ள ஐயா,

நான் கீழக்கரையில் கணித ஆசிரியை. ஓய்வு நேரத்தில் டெஸ்மாஸ் செயலியில் சமன்பாடுகளை இட்டு ஓவியம் வரைகிறேன். அண்மையில் ஒரு சங்கையும், கரையில் கட்டிய நாட்டுப்படகையும் புகைப்படத்தின் மேல் பரவளையத் துண்டுகளாக ஒட்டி முடித்தேன். கோடு போடுவது கணினிதானே, இதில் கலை எங்கே என்று வீட்டில் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன?

எஸ்., கீழக்கரை

அன்புள்ள எஸ்.,

எந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று தீர்மானிப்பவர் நீங்கள் என்பதால், அது கலைதான். என் கவலை வேறு. புகைப்படத்தின் மேல் ஒட்டும்போது சமன்பாடு வெறும் பென்சிலாகிவிடுகிறது. வரையும் பொருளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சங்கு குளிக்கும் ஊரில் இருக்கிறீர்கள், சங்கையே எடுத்துக்கொள்வோம். உள்ளே வாழும் உயிர் ஓட்டின் விளிம்பில் மட்டுமே புதிய சுண்ணாம்பைச் சேர்க்கிறது. அளவு பெருகினாலும் உருவம் ஏறக்குறைய மாறுவதில்லை. அதனால் உச்சிப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் சுருள், கோணம் சீராகக் கூட ஆரம் ஒரே விகிதத்தில் பெருகும் மடக்கைச் சுருளை ஒட்டியே அமைகிறது. மையத்திலிருந்து தூரத்தையும் கோணத்தையும் கொண்டு புள்ளியைக் குறிக்கும் துருவ ஆயத்தொலைவில், ஆரத்தைக் கோணத்தின் அடுக்குக்குறிச் சார்பாக, r = ae^(bθ) என்று ஒரே வரியில் எழுதுங்கள். கோணத்தை ரேடியனில் வைத்து, அதைப் பெருக்கும் b என்ற எண்ணை 0.11 என்று கொடுத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஆரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அந்த எண்ணுக்கு ஒரு ஸ்லைடர் வைத்து, கையிலுள்ள சங்கோடு பொருந்தும் வரை நகர்த்திப் பாருங்கள். பிறகு அதன் குறியை மட்டும் மாற்றினால் சுருள் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி, இடம்புரி வலம்புரியாகிவிடும். கடலில் அரிதாகக் கிடைப்பது ஒரு கழித்தல் குறியில் கிடைப்பதைக் காணும் மகிழ்ச்சியை எந்த ஒட்டுவேலையும் தராது.

1705இல் மறைந்த சுவிஸ் கணித அறிஞர் யாக்கோபு பெர்னூலி இந்தச் சுருளைத் தம் கல்லறையில் பொறிக்க விரும்பினார். பாசல் நகரச் சிற்பியோ, சுற்றுகளுக்கிடையே சம இடைவெளி கொண்ட ஆர்க்கிமிடீஸ் சுருளைச் செதுக்கிவிட்டார். எந்தச் சங்கும் அப்படி வளர்வதில்லை.

படகின் உடலுக்கு உங்கள் துண்டுமுறை பொருந்தும், ஆனால் பரவளையத்துக்குப் பதில் முப்படிக் கோவைகளை இணையுங்கள். சில புள்ளிகளில் நிறுத்தி வளைத்த மெல்லிய பலகை இடையில் ஏறத்தாழ அந்த வடிவத்தையே கொள்ளும். படகைக் கட்டிய கயிறு தன் எடையால் தொய்வதால், அது தொங்கும் சங்கிலியின் வளைவான சங்கிலியம் (catenary). லைப்னிட்ஸ், ஹைகென்ஸ், யோகான் பெர்னூலி ஆகிய கணித அறிஞர்கள் 1691இல் அதன் சமன்பாட்டைக் கண்டனர். இழுத்துக் கட்டிய கயிற்றில் பரவளையத்துக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. நன்றாகத் தொய்ந்த கயிற்றில் கண்ணுக்கே தெரியும். அதை மாற்றிய பிறகு படத்தை எனக்கும் அனுப்புங்கள். சமன்பாடுகளையும் சேர்த்தே அனுப்புங்கள்.